காற்றில் நடந்த குண்டுப் பையனும் மாமாவின் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. நான்கு நாள் பாட்டுக் கேட்டாகிவிட்டது. பெயின்ட் புரோகிராமில் மலையும் சூரியனும் தென்னை மரமும் வரைந்து பார்த்தாகிவிட்டது. இனி என்ன செய்வது? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் ஐந்தாம் நாள் இந்தக் கேள்வி வருகிறது. என் மாமாவுக்கும் வந்தது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏன் மாப்ளே, மின்சாரக் கட்டணம், ரயில் டிக்கெட் இதைத் தவிர இதுல வேற ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டார்.

அவருக்கு நான் கொடுத்தது எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வந்த சிரிப்புக் காமிக்ஸ் புத்தகங்களை. இன்று அவர் அதிலேயே மூழ்கிக் கிடக்கிறார். டைப்பிங் கற்றுக்கொள்ளுங்கள், எக்ஸெல் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். புதிதாக வாங்கியவருக்கு முதல் பாடம் பழைய காமிக்ஸ்தான் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பேச்சே அதைப் பற்றித்தானே!

காமிக்ஸ் என்றதும் சூப்பர்மேன், பேட்மேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. மறுபதிப்பு மேல் மறுபதிப்பு, சினிமா மேல் சினிமா என்று நன்றாகவே இருக்கிறார்கள். அதே கடையில் அதே 10 சென்ட் விலைக்குப் பக்கத்தில் தொங்கிய கோமாளிப் புத்தகங்களின் கதி வேறு. அவற்றை யாரும் பத்திரப்படுத்தவில்லை. படித்தார்கள், சிரித்தார்கள், தூக்கிப் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் பழைய பேப்பர் சேகரிக்கும் இயக்கம் நடந்தபோது குவியல் குவியலாகக் காமிக்ஸ் புத்தகங்களும் அரவைக்குப் போயின. மிச்சம் இருந்தவை மட்ட ரகக் காகிதம். ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

மாமாவுக்கு நான் முதலில் காட்டியது போலீஸ் காமிக்ஸ். 1941-ல் ஆரம்பித்தது. முதல் இதழிலேயே பிளாஸ்டிக் மேன் வந்துவிட்டார். எழுதி வரைந்தவர் ஜாக் கோல். கதாநாயகன் ஈல் ஓபிரையன் ஒரு திருடன். கெமிக்கல் தொழிற்சாலையில் கொள்ளையடிக்கப் போன இடத்தில் அமிலம் மேலே கொட்டி, உடம்பு ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. மனம் திருந்திப் போலீஸ் பக்கம் சேர்கிறான். கதை இவ்வளவுதான். ஆனால் ஜாக் கோல் படம் வரையும்போது எந்தக் கட்டுப்பாட்டிலும் நிற்பதில்லை. ஒரு கட்டத்தில் திருடர்கள் நாற்காலியைச் சுற்றி நின்று ரகசியம் பேசுவார்கள். அந்த நாற்காலிக்குச் சிவப்பு நிறம், கறுப்பு மஞ்சள் கோடு. வாசகனுக்குத் தெரியும், திருடனுக்குத் தெரியாது. பட்டணத்து நாடகத்தில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனின் செருப்பு நமக்கு மட்டும் தெரியுமே, அந்த வகைச் சிரிப்பு இது.

1942-ல் வந்த 13-வது இதழில் வூசி விங்க்ஸ் என்ற தொப்பைக்காரன் சேர்ந்தான். ஒரு மந்திரவாதியைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றியதற்காக அவனுக்கு ஒரு வரம் கிடைக்கிறது. இயற்கையே அவனைப் பாதுகாக்கும். யாராவது அடிக்க வந்தால் இடி விழும், மரம் சாயும். இவ்வளவு பெரிய வரத்தை வைத்துக்கொண்டு அந்தச் சோம்பேறி செய்யும் முதல் வேலை திருடப் போவது! மாமா இந்தப் பக்கத்தில்தான் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம ஆபீஸ்ல இப்படி ஒருத்தன் இருந்தான்" என்றார்.

அங்கே போவதற்கு முன் ஒரு சின்ன ரகளை நடந்தது. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் நடக்கும். நான் கொடுத்த பைலை மாமா டபுள் கிளிக் செய்தார். இதை எந்த புரோகிராமில் திறப்பது என்று விண்டோஸ் திருப்பிக் கேட்டது. காமிக்ஸ் பைல்களின் பெயர் பெரும்பாலும் சி.பி.இசட். அல்லது சி.பி.ஆர். என்று முடியும். ஏதோ புது வகை பைல் என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு ஜேபெக் படமாக ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் ஒரே ஜிப் பைலாகக் கட்டி, பெயரின் கடைசி மூன்று எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஜிப் என்றால் சி.பி.இசட்., ரார் என்றால் சி.பி.ஆர். அவ்வளவுதான் ரகசியம்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் போல்டரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ என்பதற்குப் போய், பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். மறைந்திருக்கும் கடைசி எழுத்துகள் தெரியும். சி.பி.இசட். என்பதை ஜிப் என்று மாற்றினால், பெயரை மாற்றினால் பைல் கெட்டுப்போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். மாமா கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார். தைரியமாக யெஸ் கொடுங்கள், ஒன்றும் ஆகாது. திறந்து பார்த்தால் உள்ளே படங்கள் வரிசையாக இருக்கும். பைல் என்பது வேறு, அதன் பெயரில் ஒட்டியிருக்கும் வால் வேறு என்பதை வகுப்பில் அரை மணி நேரம் விளக்கினாலும் புரியாது. இப்படி ஒரு தடவை செய்து பார்த்தால் போதும். தினமும் படிக்க சுமத்ரா பி.டி.எப். என்ற இலவச புரோகிராமே போதும், இந்த இரண்டு வகையையும் நேரடியாகத் திறக்கும்.

சரி, இந்தப் புத்தகங்கள் எப்படிக் கிடைக்கின்றன? திருட்டு வேலையா? இல்லை. இதற்குப் பின்னால் இருக்கும் சட்டக் கதை காமிக்ஸைவிட வேடிக்கையானது.

அமெரிக்காவில் அன்றிருந்த சட்டப்படி ஒரு புத்தகத்துக்குக் காப்புரிமை முதலில் 28 ஆண்டு. 28-வது ஆண்டில் விண்ணப்பித்துப் புதுப்பித்தால்தான் மேலும் நீடிக்கும். புதுப்பிக்க மறந்தால் புத்தகம் பொதுச் சொத்து. 1963 முடிய வெளியான புத்தகங்களுக்கு இந்த விதி. 1941-ல் வந்த சிரிப்புப் புத்தகத்துக்கு 1969 வாக்கில் யார் விண்ணப்பம் போடப் போகிறார்கள்? பல பதிப்பகங்கள் அதற்குள் மூடியே போயிருந்தன. இருந்தவர்களுக்கும் இவை குப்பை. இப்படிக் கவனிப்பார் இல்லாமல் விட்டதால்தான் இன்று ஆயிரக்கணக்கான இதழ்களை நீங்களும் நானும் சட்டப்படி இலவசமாகப் படிக்க முடிகிறது. வரைந்தவர்களின் வயிற்றில் அடிக்கிறோமோ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அந்தக் காலத்தில் பெரும்பாலான ஓவியர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்தவர்கள். புதுப்பித்திருந்தாலும் காசு பதிப்பாளருக்குத்தான்.

எதிர்ப்பக்க உதாரணம்தான் தலைப்பில் வரும் குண்டுப் பையன். பெயர் ஹெர்பி. ரிச்சர்ட் ஹியூஸ் எழுதி, ஆக்டன் விட்னி வரைந்தது. 1958-ல் வேறொரு பத்திரிகையில் ஒரு கதையில் தலைகாட்டியவன், 1964-ல் தனிப் புத்தகமாகி 1967 வரை 23 இதழ் ஓடினான். கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டிய மாதிரித் தலைமுடி, மூக்குக் கண்ணாடி, பாதி மூடிய கண், எப்போதும் வாயில் ஒரு லாலிபாப். பெற்ற அப்பாவே உதவாக்கரைக் குண்டன் என்று திட்டுவார். ஆனால் அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பையன் காற்றில் படி ஏறுவது போல நடந்து போய்விடுவான். மிருகங்களோடு பேசுவான். பேய்கள் அவனைக் கண்டு நடுங்கும். நெட்டைக் கடிகாரத்தில் ஏறிக் காலம் கடந்து போவான். நாட்டில் பிரச்சினை என்றால் அமெரிக்க ஜனாதிபதி கூப்பிட்டு அனுப்புவார். எல்லாம் முடிந்து வீடு திரும்பினால் அப்பா மறுபடியும் திட்டுவார். பையன் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

இதில் சிரிப்பு எங்கே என்றால் விட்னியின் படத்தில். கோணல் மாணலாகக் கேலிச் சித்திரம் போல வரையவே இல்லை. குடும்பக் கதைக்குப் படம் போடுவது போல மிக ஒழுங்காக, நிதானமாக வரைகிறார். ஒரு பையன் ஆகாயத்தில் நடந்து போகிறான், ஓவியருக்கு அதில் எந்த ஆச்சரியமும் இல்லை! நான் பார்த்த அமெரிக்கச் சிரிப்புக் காமிக்ஸில் இதற்கு இணை இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

ஆனால் ஹெர்பியின் தனிப் புத்தகத்தை உங்களுக்கு இலவசமாகக் காட்ட முடியாது. 1964-லிருந்து வந்தவற்றுக்குப் புதுப்பித்தல் தானாகவே நடந்ததாகக் கொள்ளும்படி 1992-ல் சட்டம் மாறிவிட்டது. மொத்தம் 95 ஆண்டு. அதாவது அவனுடைய முதல் இதழுக்கு 2059 முடிய உரிமை உண்டு. சில மாதம் முன்னால் வந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். டார்க் ஹார்ஸ் நிறுவனம் 2008, 2009 ஆண்டுகளில் மூன்று கெட்டி அட்டைத் தொகுதிகளாக வெளியிட்டது. நான் படித்ததே நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கித்தான். ஆக, யாரும் சீந்தாத புத்தகம் வீடு தேடி வருகிறது, உரிமை பத்திரமாக இருக்கும் நல்ல புத்தகத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. உரிமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 95 ஆண்டு என்பது ரொம்ப அதிகம் என்கிறேன். ஹெர்பியை 1964-ல் காசு கொடுத்து வாங்கிய சிறுவன் எவனும் 2060-ல் இருக்க மாட்டான்.

உரிமை தீர்ந்த புத்தகங்களுக்கு டிஜிட்டல் காமிக் மியூசியம், காமிக் புக் பிளஸ் என்ற இரண்டு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவதில் டவுன்லோட் செய்ய இலவசமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். வேறு எங்காவது தேடி, இ.எக்ஸ்.இ. என்று முடியும் பைல் வந்தால் கிளிக் செய்யாதீர்கள். படக்கதைப் புத்தகம் ஒருநாளும் இ.எக்ஸ்.இ. பைலாக வராது.

அங்கே போனால் ஜிங்கிள் ஜாங்கிள் காமிக்ஸைத் தேடிப் பாருங்கள். 1942 முதல் 1949 வரை 42 இதழ். அதில் ஜார்ஜ் கார்ல்சன் வரைந்த கதைகளை மட்டும் படித்தால் போதும், மற்றவை சுமார். ஒரு கோணங்கி ராஜ்ஜியம், அசட்டு இளவரசன், வாக்கியத்துக்கு வாக்கியம் சிலேடை. நம் ஊர்க் காளமேகப் புலவர் கையில் தூரிகையைக் கொடுத்து விட்டது போல இருக்கும். கான் வித் த விண்ட் நாவலின் 1936-ம் ஆண்டு முதல் பதிப்புக்கு மேலட்டை வரைந்தவரும் இதே கார்ல்சன்தான். படத்தின் மூலை முடுக்கெல்லாம் குட்டிக் குட்டி வேடிக்கைகளை ஒளித்து வைப்பார். புத்தகத்தில் இவற்றுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தை உருட்டினால் போதும். இன்னும் பெரிதாக்கினால் சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளிகளாகவே தெரியும். அந்தக் கால அச்சு முறை அது. சிலேடை பாதி எனக்கே புரியவில்லை. மாமா பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு பிடிவாதமாகப் படிக்கிறார்.

சூப்பர்ஸ்னைப் என்று இன்னொன்று. அமெரிக்காவிலேயே அதிகமான காமிக்ஸ் வைத்திருக்கும் பையன் என்பதுதான் கதாநாயகனுக்கு அடைமொழி. காமிக்ஸ் படித்துப் படித்துத் தானும் ஒரு சூப்பர் ஹீரோ என்று நினைத்துக்கொண்டு தாத்தாவின் சிவப்பு உள்ளாடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். மேட் பத்திரிகை 1952-ல் காமிக்ஸ் புத்தகமாகத் தொடங்கி வெற்றி பெற்றதும், அடுத்த இரண்டு ஆண்டில் அதைக் காப்பியடித்து வேக், நட்ஸ் என்று ஒரு படையே வந்து வந்த வேகத்தில் போயிற்று. பெரும்பாலும் அறுவை. ஆனாலும் நடுநடுவே நாலு பக்கம் நன்றாக இருக்கும்.

குழந்தைகள் கையில் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு முறை புரட்டிவிடுங்கள். கறுப்பின மக்களையும் ஜப்பானியர்களையும் இந்தப் புத்தகங்கள் பல இடங்களில் மிகக் கேவலமாக வரைந்திருக்கின்றன. போலீஸ் காமிக்ஸும் இதற்கு விலக்கல்ல. காலம் அப்படி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, இது தப்பு என்று சொல்லிப் படிக்க வையுங்கள்.

இந்த ஸ்கேன் எல்லாவற்றையும் செய்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, அரசாங்கமும் இல்லை. பெரும்பாலும் வீட்டில் கம்ப்யூட்டரும் சாதாரண ஸ்கேனரும் வைத்திருந்த வாசகர்கள். தங்களிடம் இருந்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வைத்து எடுத்திருக்கிறார்கள். ஒருவரிடம் கிழிந்த பக்கம் இன்னொருவரிடமிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. இது எனக்கு உறைத்தபோதுதான் எங்கள் வீட்டுப் பரண் நினைவுக்கு வந்தது.

1980-களில் சிவகாசியிலிருந்து வந்த மினி லயன், ஜூனியர் லயன் புத்தகங்களை வயதில் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லக்கி லூக் 1987-ல் சூப்பர் சர்க்கஸ் கதையோடு தமிழுக்கு வந்தார். காலிப்பைக் கவிழ்க்கத் திட்டம் போட்டுத் திட்டம் போட்டுத் தானே குழியில் விழும் மதியில்லா மந்திரி, பிரெஞ்சு மந்திரி என்று யாருக்கும் தோன்றாத அளவுக்குத் தமிழ் பேசினார். பாதியைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிட்டார்கள். மிச்சத்தில் சிலவற்றைப் பூச்சி அரித்திருந்தது. ஒன்பது புத்தகம் தேறியது.

இங்கே அமெரிக்கக் கதை செல்லாது. நம் நாட்டில் புதுப்பிக்க மறப்பது என்ற பேச்சே இல்லை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. லக்கி லூக்கை உருவாக்கிய மோரிஸ் 2001-ல்தான் இறந்தார், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் அவற்றை ஸ்கேன் செய்து ஊருக்கெல்லாம் அனுப்புவதை நான் ஏற்கவில்லை. லயன், முத்து காமிக்ஸ் 2012-ல் மறுபடியும் சுறுசுறுப்பாகி இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. பழைய கதைகளின் மறுபதிப்பும் வருகிறது. வாட்ஸ்ஆப்பில் ஓசியில் வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த புத்தகம் ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் உங்கள் புத்தகத்தை உங்கள் சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைப்பதற்கு நம் சட்டம் இடம் தருகிறது. அதையாவது செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பூச்சி 60 ஆண்டு பொறுத்திருக்காது.

வேலை கடினமில்லை. பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஏ4 ஸ்கேனரே போதும். 300 டி.பி.ஐ. என்று வையுங்கள். பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்புக் காகிதம் வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. டீஸ்கிரீன் என்று ஒரு வசதி இருந்தால் டிக் செய்யுங்கள், அச்சுப் புள்ளிகள் கோடு கோடாக விழாது. பைல்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைக்காமல் 001, 002 என்று வையுங்கள். இல்லாவிட்டால் சில புரோகிராம்களில் ஒன்றாம் பக்கத்துக்கு அடுத்து பத்தாம் பக்கம் வந்து நிற்கும், வில்லன் யார் என்பது முதலிலேயே தெரிந்துவிடும்! 7க்கு 10 அங்குலப் பக்கம் ஒன்று ஜேபெக்கில் ஏறக்குறைய ஒரு எம்.பி. வரலாம். நூறு பக்கப் புத்தகம் நூறு எம்.பி. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு இது கடுகு. முடிந்ததும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து ஜிப் ஆக்கி, வாலை மாற்றுங்கள். ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.

ஒன்பதில் ஆறு முடிந்துவிட்டது. இப்போது ஸ்கேனர் வேலை மாமாவினுடையது. மந்திரி கதை ஒன்றில் நடுவில் இரண்டு பக்கம் இல்லை. விட்டுவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. பெயின்டில் இரண்டு வெள்ளைப் பக்கம் செய்து, 023, 024 என்று பெயர் கொடுத்து, இடையில் செருகி வைத்திருக்கிறார். கிடைக்கும்போது மாற்றிக்கொள்ளலாமாம்.